பக்கத்து சீட்

அந்த வீட்டில் கதவு என்று சொல்லிக்கொள்ள நாலு இருந்தன. வாசல் கதவைச் சாத்தினால், "யாரு வந்தது, யாரு போனது?" என்று மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். படுக்கையறைக் கதவு ஈரத்தில் உப்பிப்போய் முக்கால்வாசி வந்து நின்றுவிடும். சமையலறைக் கதவை மகன் கழற்றி, இரண்டு பெட்டிகளின் மேல் போட்டு, படிக்கிற மேசையாக்கிக்கொண்டான். மிச்சம் குளியலறை. அங்கே தாழ்ப்பாள் போட்ட பிறகு தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், "அம்மா, உள்ளேயே தூங்கிட்டியா?" என்று மகள் தட்டுவாள். அன்பான வீடுதான், குறை சொல்ல முடியாது. ஒருவர் தும்மினால் நாலு பேர் என்ன ஏது என்று கேட்பார்கள். ஆனால் தனியாக நின்று ஒரு பெருமூச்சு விட இடமில்லை.

ஆகவே ஸ்டிக்கர் அக்காவுக்கு ஐந்தாவதாக ஒரு கதவு தேவைப்பட்டது. அது அவளுடைய காரின் கதவு.

ஸ்டிக்கர் அக்கா என்பது பல்கலைக்கழகம் வைத்த பேர். போக்குவரத்துப் பிரிவில் உதவியாளர் வேலை. வளாகத்துக்குள் கார், ஸ்கூட்டர் நிறுத்த வேண்டும் என்றால் அவளிடம் வந்து, கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்று வாங்கிப் போக வேண்டும். பெரிய பெரிய பேராசிரியர்கள்கூட அவள் மேசை முன்னால் குழைந்துகொண்டு நிற்பார்கள். "அக்கா, கொஞ்சம் பார்த்துச் செய்ங்க" என்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவளைவிட வயது அதிகம்.

கார், அண்ணன் புதுசு வாங்கியபோது அவளுக்குத் தள்ளிவிட்ட பழசு. பின்பக்கக் கண்ணாடி ஒன்று இறங்காது. ஹார்ன் அடித்தால் சளி பிடித்தவன் இருமுகிற மாதிரி இருக்கும். இருந்தால் என்ன? காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் நெரிசலைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் கூட. அவ்வளவு நேரமும் அவள் தனியாக இருந்தாள்.

காருக்குள் அப்படி என்ன செய்வாள் என்று கேட்டால், ஒன்றும் செய்ய மாட்டாள். பாட்டுக்கூடப் போட மாட்டாள். முதல் நாள் மேலதிகாரியிடம் சொல்லாமல் மென்று விழுங்கிய பதிலைச் சில நாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள், அதுவும் நல்ல கணீர்க் குரலில். சில நாள் காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் வரும். அடுத்த சிக்னலுக்குள் துடைத்துவிடுவாள். மற்றபடி சாலையைப் பார்த்துக்கொண்டு போவாள். அந்த நேரத்தில் அவள் யாருக்கும் மனைவி இல்லை, மருமகள் இல்லை, அம்மா இல்லை, அக்காகூட இல்லை. ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

இதை ஒரே ஒரு தடவை தங்கையிடம் சொல்லிப் பார்த்தாள். "ஏன், மாமா ஏதாவது சொன்னாரா? வீட்டுல பிரச்சினையா?" என்று தங்கை பதறிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். அந்தக் கலவரம் அடங்கவே ஒரு வாரம் ஆனது. அதிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் திட்டம் வந்தது.

வளாகத்தில் கார் பெருத்துவிட்டது, அது நிஜம். அவள் கொடுத்த ஸ்டிக்கர்களே இருக்கிற இடத்தைவிட அதிகம். நடைபாதையில் கார், மரத்தடியில் கார், நூலகப் படிக்கட்டு வரைக்கும் கார். ஒரு நாள் விளையாட்டுத் திடலில் ஒரு மாணவி விழுந்து கால் முறிந்து கிடந்தாள். ஆம்புலன்ஸ் திடல் வரைக்கும் போக முடியாமல் பாதி வழியில் நின்றுகொண்டு கத்தியது. அதற்கு வழி விடச் சொல்லி ஸ்டிக்கர் அக்காவே ஓடி ஓடி ஒவ்வொரு கார்க்காரரையும் தேடினாள். அந்தப் பெண் அலறிய அலறல் ராத்திரி வரைக்கும் அவள் காதில் இருந்தது. அடுத்த வாரமே துணைவேந்தர் ஒரு குழு போட்டார். வளாகத்துக்குள் வரும் கார்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும், மற்றவர்கள் பஸ்ஸிலோ சைக்கிளிலோ நடந்தோ வர வேண்டும், அதற்கு வழி சொல்லுங்கள் என்றார்.

குழுவுக்குத் தலைவர் கட்டடப் பொறியியல் பேராசிரியர். எதற்கெடுத்தாலும் பசுமை பசுமை என்பதால் அவருக்குப் பசுமை சார் என்றே பேர். நல்ல மனுஷன். ஆனால் கூட்டத்துக்கு வருவது மட்டும் பெரிய காரில், தன்னந்தனியாக. ஊருக்குத்தானே உபதேசம்!

கூட்டத்தில் பேசியது அவர். வேலை பார்த்தது ஸ்டிக்கர் அக்கா. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. மனப்பூர்வமாகவே செய்தாள். எந்த பஸ் எங்கே நிற்கிறது, மழை பெய்தால் எந்த நிறுத்தத்தில் ஒதுங்க முடியாது, விடுதிப் பெண்கள் எந்த வழியை இருட்டினபின் தவிர்க்கிறார்கள் என்று அலைந்து திரிந்து பார்த்தாள். வாசலில் நின்று, வருகிற கார்களை நிறுத்தி, "ஏன் தனியா வர்றீங்க?" என்று கேட்டாள். பஸ் இல்லை என்றார்கள், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும் என்றார்கள், முதுகு வலி என்றார்கள். இயற்பியல் துறை அம்மா ஒருவர் மட்டும் கண்ணாடியைப் பாதி இறக்கி, "நிம்மதியா இருக்கு, அதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது பசுமை சார் விழுந்து விழுந்து சிரித்தார். "இதெல்லாம் ஒரு காரணமாம்மா? நிம்மதி வேணும்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே!"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டிக்கர் அக்காவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு, அன்றைக்கெல்லாம் தன்மேலேயே எரிச்சலாக இருந்தாள்.

கடைசியில் திட்டம் உருவானது. வளாகத்துக்குள் ஓட மின்சார பஸ். வாசலுக்குப் பக்கத்திலேயே சைக்கிள் நிலையம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போய் வேலை முடிந்ததும் திருப்பி விடலாம். காரில் குறைந்தது இரண்டு பேர் இருந்தால்தான் தடுப்புக் கம்பி தூக்கப்படும். அப்படி வருகிற காருக்கு மரியாதையாக வாசலை ஒட்டிய முதல் வரிசையில், நிழலில் இடம். இந்த முதல் வரிசை யோசனை ஸ்டிக்கர் அக்காவுடையது. பசுமை சார் மேசையைத் தட்டிப் பாராட்டினார்.

தனியாக வருகிறவர்களுக்கு என்ன வழி? இங்கேதான் அவள் கொஞ்சம் விளையாடினாள். பிரதான சாலைக்கு அந்தப்பக்கம் வெளி மைதானம் ஒன்று இருக்கிறது. தனிக் கார்களை அங்கே நிறுத்திவிட்டு நடந்து வரலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தாள்.

"அது எதுக்கும்மா?" என்றார் பசுமை சார். "அதையும் மூடிட்டா எல்லாரும் பஸ்ல வந்துதானே ஆகணும்?"

"சார், கொஞ்சம் பேருக்கு வேற வழி இருக்காது சார். கைக்குழந்தைக்காரங்க, முடியாத அப்பா அம்மாவை வெச்சிருக்கிறவங்க... தூரமா நிறுத்திட்டு வெயில்ல நடந்து வரட்டும். அதுவே தண்டனைதானே?"

"அதுவும் சரிதான்" என்று விட்டுவிட்டார்.

கைக்குழந்தைக்காரர்கள் என்று அவள் சொன்னாளே தவிர, நினைத்தது தன்னைத்தான். ஊர் முழுக்க அடைத்துவிட்டு, தனக்கு மட்டும் ஒரு சின்னச் சந்து வைத்துக்கொண்டாள். யார் வைத்துக்கொள்ள மாட்டார்கள்?

ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. திட்டம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு பசுமை சார் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் அச்சகத்துல மெஷின் பார்த்தவர்தானே? அச்சகம் மூடினப்புறம் வீட்டுலதான் இருக்காருன்னு கேள்விப்பட்டேன். சைக்கிள் நிலையத்தைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும், ரிப்பேரும் தெரிஞ்சிருக்கணும். நீங்களா கேட்க மாட்டீங்க, அதான் நானே சொல்றேன். கலந்து பேசிட்டுச் சொல்லுங்க."

"ரொம்ப நன்றி சார்" என்று வாய் சொல்லிவிட்டது. மனசோ அதற்கு முன்பே பக்கத்து சீட்டைப் பார்த்துவிட்டது. காலியாக இருக்கிற பக்கத்து சீட். அதில் அவள் கைப்பை மட்டும் உட்கார்ந்து வருகிற சீட்.

சீ, என்ன பொம்பளை நான், என்று அவளுக்கே கூசியது. வேலை போய் மூன்று வருஷமாக வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிற மனுஷன். ஓடுகிற மின்விசிறியைக் கழற்றி மாட்டுகிறார். சாயங்காலம் கார்ச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொள்கிறார், பிறகு அவள் பின்னாலேயே வந்து அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கிறார். அவருக்கு ஒரு வேலை வருகிறது. இதைச் சொல்லாமல் இருப்பாளா ஒருத்தி?

இருந்தாள். இரண்டு நாள் சொல்லாமலே இருந்தாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவருக்கு இஷ்டமில்லையாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. காரில் போகும்போது அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தாள். நன்றாகவே வந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அவர் வாசலில் உட்கார்ந்து தன் பழைய வேலை ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அச்சகம் மூடிய நாளிலிருந்து அதைப் போடவேயில்லை.

"எங்கேயாவது போறீங்களா?"

"எங்க போறது? சும்மா வெச்சா பூஞ்சை பிடிச்சிடும், அதான்."

அவ்வளவுதான், அவளுக்கு அடக்க முடியவில்லை. "சைக்கிள் நிலையத்துல ஒரு வேலை இருக்குன்னு சொல்றாங்க" என்றாள்.

அவர் பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து, "யாருக்கு?" என்று கேட்டார்.

வீடு அன்றைக்குச் சிரித்தது. மகன் தன் பழைய தொப்பியை அப்பாவுக்குக் கொடுத்தான். மகள் சட்டைகளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி ஒண்ணா வந்துடலாம். இதைவிட வேற என்ன வேணும் உனக்கு?" என்றார். ஒன்றும் வேண்டாம் அத்தை என்றாள் ஸ்டிக்கர் அக்கா. வேறு என்னத்தைச் சொல்ல!

முதல் நாள் காலை அவர் குளித்து, தலை வாரி, பாலிஷ் ஷூவோடு அவளுக்கு முன்னாலேயே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். சின்ன வயதில் ஒரு கண்ணில் அடிபட்டதால் அவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்கவில்லை. அந்தக் குறையை எல்லாம் பக்கத்து சீட்டிலிருந்தே ஓட்டித் தீர்த்தார்.

"பிரேக், பிரேக்! ஸ்கூட்டர் வர்றான் பாரு."

"பார்த்துட்டேங்க."

"பார்த்துட்டேன்னு சொல்றே, கால் பிரேக்குக்குப் போகலையே?"

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பலகைகளைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று வருஷம் வெளியே தலைகாட்டாத மனுஷனுக்கு ஊர் புதுசாகத் தெரிந்தது. வழியில் இருக்கிற ஒவ்வொரு பெயர்ப் பலகையையும் சத்தமாகப் படித்தார். அச்சகத்தில் எழுத்தோடு எழுத்தாக வாழ்ந்தவர் அல்லவா? "புது மெத்தை செய்யப்படும், பழைய மெத்தை பழுது பார்க்கப்படும்... வலியில்லாமல் பல் பிடுங்கப்படும்... அட, இங்க டயர் கடை இருந்துச்சே, எங்க போச்சு? ஏய், இதைப் பாரேன், நிலம் விற்பனைக்கு இல்லைன்னு போர்டு வெச்சிருக்கான். இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்குடா போர்டு?" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். போகும்போது படித்ததையெல்லாம் சாயங்காலம் வரும்போது எதிர்த்திசையிலிருந்து படிப்பார்.

அவள் சிரித்தாள், ம் கொட்டினாள், தலையாட்டினாள். ஸ்டீரிங்கைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயின. வளாகத்துக்குள் காரை நிறுத்தியதும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு அலுவலக வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "வேலைக்கு நல்லபடியா போயிட்டு வா" என்று வேறு சொன்னார்.

சந்து வைத்தாளே, அந்தச் சந்தில் புகுந்து பார்த்தாள். "நீங்க பஸ்ல வாங்களேன். நான் காரை வெளி மைதானத்துல நிறுத்திக்கறேன். டவுன் பஸ்ல ஜன்னலோர சீட்டு, நல்லா வேடிக்கை பார்க்கலாம்" என்றாள். "நீயும் வர்றேன்னா வர்றேன். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டாமா?" என்றார் அவர். மாமியாருக்கோ முகமே மாறிவிட்டது. "ஒரே எடத்துக்குப் போறவங்க ஆளுக்கொரு வண்டியில போனா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? ஏதாவது சண்டையா?" என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டிய வேலை இருக்கிறது என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். அவர் அவளுக்கும் முன்னால் எழுந்து தயாராக நின்றார்.

இது போதாதென்று பசுமை சார் ஒரு நாள் போட்டோக்காரரோடு வந்தார். தம்பதி ஒரே காரில் வருவது திட்டத்துக்கே பெருமையாம். இரண்டு பேரையும் காரில் உட்கார வைத்து, சிரிக்கச் சொல்லி, படம் பிடித்து, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வாசலில் வைத்துவிட்டார்கள். "சேர்ந்து வருவோம், இடம் தருவோம்" என்று மேலே எழுத்து. தினமும் காலையில் கம்பி தூக்குவதற்குள் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்தது. படத்தில் அவள் நன்றாகத்தான் சிரித்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு மாலை போட்டுப் படமும் மாட்டியாகிவிட்டது.

அப்புறம் ஒரு சாயங்காலம் பாலத்தடியில் நெரிசல். முன்னால் லாரி, பின்னால் பஸ், அசைய வழியில்லை. அவர் பக்கத்திலிருந்த சுவரைப் படித்து முடித்துவிட்டு, லாரியின் பின்புறத்தைப் படித்துவிட்டு, அதன் எண்ணையும் படிக்க ஆரம்பித்தார்.

"போதும்" என்றாள் அவள். குரல் உடைந்துபோய் வந்தது. "போதுங்க. கொஞ்ச நேரம் என்னை விடுங்க."

"என்னாச்சு?"

"எனக்குத் தனியா இருக்கணும். நான் இந்தக் கார்லதான் தனியா இருந்தேன். ஒரு நாளைக்கு இந்த ரெண்டு வேளைதான். வேற எங்கேயும் எனக்கு இல்ல. வீட்டுலயும் இல்ல, ஆபீஸ்லயும் இல்ல. இதுவும் போச்சு."

அவர் அவளையே பார்த்தார். "என் மேல கோவமா?"

"இல்லைங்க."

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"இல்லைங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன்?"

பின்னாலிருந்த பஸ் ஹார்ன் அடித்தது. லாரி நகர்ந்திருந்தது.

"சொல்லியிருக்கலாமே" என்றார் அவர் கொஞ்ச தூரம் போனபிறகு.

மறுநாள் காலையில் காரில் ஏறியதும் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தார். மெத்தைக் கடை வந்தது, பேசவில்லை. பல் ஆஸ்பத்திரி வந்தது, பேசவில்லை. ஒரு ஸ்கூட்டர் குறுக்கே பாய்ந்தது. அவர் கால் தானாகத் தரையை அழுத்தியது, வாய் மூடியே இருந்தது. இருமல் வந்ததைக்கூட முகம் சிவக்க அடக்கிக்கொண்டார். அம்மாடி, அந்த மௌனம் இருக்கிறதே, அதற்கு அவர் பேச்சே தேவலாம்! பேசும்போதாவது அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாதி வழியில் மெல்லக் கேட்டார். "இப்ப பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க" என்றாள்.

ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு அவரே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பியைத் தாண்டியதும் இறங்கிக்கொள்வது. சைக்கிள் நிலையம் அங்கேயேதான் இருக்கிறது. "ஆள் ரெண்டு பேர் இருந்து கம்பி தூக்கியாச்சு. இனி நான் எதுக்கு? மிச்ச தூரம் நீ தனியாப் போ" என்று கதவைத் திறந்து இறங்கிவிட்டார். தன் கையிலிருந்ததைக் கொடுத்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

மிச்ச தூரமாம்! கம்பியிலிருந்து முதல் வரிசைக்கு ஒரு திருப்பம். திரும்பி முடிப்பதற்குள் இடம் வந்துவிடும். சேர்ந்து வருகிறவர்களுக்கு முதல் வரிசை என்று எழுதியவள் அவள்தானே? கடைசி வரிசை என்று எழுதியிருந்தால் குறைந்தா போயிருக்கும்?

அன்றைக்கு அவள் திரும்பவில்லை. முதல் வரிசையைத் தாண்டி, நூலகத்தைத் தாண்டி, பழைய ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் போனாள். அங்கே ஒரு பெரிய நிறுத்துமிடம் இருந்தது. திட்டத்தால் கார்கள் குறைந்து, இப்போது அங்கே ஒரு வண்டியும் இல்லை. அதையும் கூடிய சீக்கிரம் தோண்டி மரம் நடப் போகிறார்கள். அதுவும் திட்டத்தில் இருக்கிறது. அவள் மதிலை ஒட்டிக் காரை நிறுத்தினாள். இஞ்சினை அணைத்தாள். கண்ணாடிகளை ஏற்றினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு மெதுவாக உள்ளே போய் வெளியே வந்தது.

டொக் டொக்.

விசில் நின்றுகொண்டிருந்தார். விசில் என்பது வாசல் காவலாளி. நடுநடுவே வளாகத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். வாயில் விசிலோடு பிறந்தவர் என்று சொல்வார்கள். அவளைவிட மூத்தவர், அவளிடம் மரியாதையும் அதிகம், அக்கறையும் அதிகம்.

"மேடம், உங்களுக்கு முன் வரிசை இருக்கே! இங்க எதுக்கு வந்து கஷ்டப்படறீங்க? போர்டுல போட்டோ போட்ட ஆளே இங்க வந்து நிறுத்தினா நாலு பேர் என்னைத்தானே கேட்பாங்க?"

"ஒரு அஞ்சு நிமிஷம்ண்ணா. இப்ப எடுத்துடறேன்."

அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். "முகமே சரியில்லையே. உடம்புக்கு ஏதாவதா? இருங்க, உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடறேன்."

"அய்யோ, வேண்டாம்ண்ணா!"

யார் கேட்டது? தோளிலிருந்த வயர்லெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது. இவர் வாயிலிருந்து புறப்பட்டபோது அது, மேடத்துக்குக் கொஞ்சம் முடியலை. வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மயக்கம். சைக்கிள் நிலையத்துக்குப் போனபோது, காரிலேயே சாய்ந்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் வந்தார். நிலையத்துச் சைக்கிள் ஒன்றில், எழுந்து நின்று மிதித்துக்கொண்டு, சட்டை நனைந்து, மகன் கொடுத்த தொப்பி எங்கேயோ விழுந்துபோய் வந்தார். சைக்கிளைப் போட்டுவிட்டுக் கார்க் கதவில் கை வைத்தார்.

வைத்த கை அப்படியே நின்றது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். ஏற்றிவிட்ட கண்ணாடி, அணைந்த இஞ்சின், மடியில் வைத்த கை, ஆள் அரவமில்லாத மதில் ஓரம். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது அவர் முகத்தில் தெரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன சார், டாக்டரைக் கூப்பிடலாமா?" என்றார் விசில்.

வீட்டுக்காரர் கதவிலிருந்து கையை எடுத்தார். "அவளுக்கு ஒண்ணுமில்ல. வண்டிதான் சூடாயிடுச்சு. கொஞ்ச நேரம் இப்படியே நிக்கணும்."

"காலைல வந்த வண்டி அதுக்குள்ள சூடாயிடுச்சா?"

"பழைய வண்டி, அப்படித்தான். நீங்க வாசலைப் பாருங்க, நான் இருக்கேன்."

விசிலுக்கு அரை மனசுதான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். வீட்டுக்காரர் சைக்கிளை நிமிர்த்தி, தள்ளிக்கொண்டு போய், அந்த நிறுத்துமிடத்துக்குள் நுழைகிற பாதையின் குறுக்கே நிறுத்தினார். பிறகு காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குப்பை வண்டி ஒன்று வந்தது. கையைக் காட்டிச் சுற்றிப் போகச் சொன்னார். இரண்டு மாணவர்கள் குறுக்கு வழியில் வந்தார்கள். அவர்களையும் திருப்பி அனுப்பினார்.

அவள் தனியாக இருந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் மூச்சு முன்போல உள்ளே போகவில்லை. கண் அந்த முதுகையே பார்த்தது. நனைந்த சட்டை, பிடரியில் வெயில். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஆனால் அந்த முதுகு முழுக்கக் காதாக இருந்தது. நிலையத்தில் சைக்கிளுக்கு வரிசை கட்டி நிற்பார்களே என்று அவளுக்கு நினைப்பு ஓடியது. விசில் இந்நேரம் வாசலில் என்ன சொல்லிக்கொண்டிருப்பாரோ என்று ஓடியது. அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் சத்தமில்லாமல் செய்ய வேண்டியிருந்தது.

இப்போதே காரைக் கிளப்பிவிடலாம். ஆனால் உடனே கிளப்பினால், இவ்வளவு செய்தும் பிரயோஜனமில்லை போலிருக்கிறது என்று மனுஷன் நொந்துபோவார். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால்தான் அவருக்குத் திருப்தியாக இருக்கும். அவருக்காக உட்கார்ந்திருந்தாள்.

போதும் என்று தோன்றியபோது சாவியைத் திருப்பினாள். அவர் சட்டென்று திரும்பி, ஓடி வந்து, கண்ணாடி வழியே அவள் முகத்தைத் தேடினார். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க. ஏறுங்க, போகலாம்."

"சைக்கிளை விட்டுட்டு வரக்கூடாதே. எடுத்தவங்கதான் திருப்பி விடணும். உங்க ரூல்தானே?" என்று சிரித்தார். பிறகு சைக்கிளில் ஏறி முன்னால் போனார். அவள் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

அது ஒற்றைப் பாதை. மின்சார பஸ்ஸுக்குத் தனி வழி ஒதுக்கி, மிச்சத்தைக் குறுக்கி, ஓரத்தில் கல் நட்டிருந்தார்கள். அவரைத் தாண்டிப் போக வழியில்லை. அவர் வேகத்துக்கே பின்னால் ஊர்ந்து போனாள். வழி நெடுகப் பலகைகள். வேதியியல் துறை, மாணவர் உணவகம், மெதுவாகச் செல்லவும், பூக்களைப் பறிக்காதீர்கள். ஒவ்வொரு பலகை வரும்போதும் அவர் தலை அந்தப்பக்கம் திரும்பியது. வாய் திறப்பது பக்கவாட்டில் தெரிந்தது. உடனே மூடிக்கொண்டார். பக்கத்தில் யாருமில்லாமல், சைக்கிளில் தன்னந்தனியாகப் போகும்போதுகூட மூடிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணாடியை இறக்கி, "படிங்க" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் நாளையிலிருந்து படிப்பார். கை கண்ணாடி இறக்குகிற பிடி வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. அதற்குள் வாசல் பக்கம் வந்துவிட்டது.

முதல் வரிசையில் அவளுடைய இடம் காலியாகவே இருந்தது.